நீரில் இறங்கும் விமானமும் மறந்துபோன சக்கரமும்

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை கட்டப்பட்டிருக்கிறது. அந்த அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் பெரிய நீர்ப்பரப்புக்கு மீட் ஏரி என்று பெயர். 1943ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இரண்டு எஞ்சின்கள் பூட்டிய சிகோர்ஸ்கி எஸ்-43 விமானம் ஒன்று அந்த ஏரியில் இறங்க வந்தது. அது நிலத்திலும் நீரிலும் இறங்கக் கூடிய விமானம். ஓட்டியவர் ஹோவர்ட் ஹியூஸ். 1938இல் உலகத்தை நான்கு நாட்களுக்கும் குறைவான நேரத்தில் சுற்றி வந்து புகழ் பெற்றவர் அவர். நீரில் இறங்கி ஏறும் சோதனைக்காக அரசாங்க விமான ஆய்வாளர்கள் இருவரும், ஹியூஸின் பணியாளர்கள் இருவரும் உடன் இருந்தனர்.

விமானத்தின் அடிப்பாகம் நீரைத் தொட்டது. சற்று நேரத்தில் மூக்கு நீருக்குள் புதைந்தது. விமானம் நிலைகுலைந்து சுழன்று, உடைந்து, மூழ்கிப் போயிற்று. ஓர் ஆய்வாளரும் ஒரு பணியாளரும் உயிரிழந்தார்கள். தலையில் பலத்த காயமடைந்த ஹியூஸை, உடன் வந்தவர்களில் ஒருவர்தாம் காப்பாற்றினார்.

ஹியூஸ் புதிய விமானி அல்லர். எஞ்சின் நின்று போகவும் இல்லை. பிறகு எப்படி இது நேர்ந்தது? விமானத்தில் எடை சரியாகப் பங்கிடப்படாமல், ஈர்ப்பு மையம் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னால் தள்ளியிருந்ததுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. ஒன்பது டன் அளவுள்ள ஒரு விமானத்தில் ஈர்ப்பு மையம் சற்றே முன்னே நகர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண, முதலில் நீரைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம்.

கிணற்றிலோ குளத்திலோ குதித்து நீந்தியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். கைகளை நீட்டித் தலைகீழாகப் பாய்ந்தால் நீர் வழி விடுகிறது. தப்பித் தவறி வயிறு பட விழுந்தால் அடி விழுகிறது. தோல் சிவந்து போகிறது. அதே கிணறு, அதே நீர், அதே உயரம்! நீர் விலகிப் போக நேரம் கொடுத்தால் அது மென்மையானது. கொடுக்காவிட்டால் கல்லைப் போன்றது. ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.2 கிலோகிராம்தான். ஒரு கனமீட்டர் நீரின் நிறையோ 1,000 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 800 மடங்கு. நீரில் இறங்கும் விமானி, 800 மடங்கு கனமான வேறோர் ஊடகத்துக்குள் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறார். ஆனால் முழுதும் நுழைந்துவிடக் கூடாது. அதன் மேல்தோலின்மீது வழுக்கி ஓட வேண்டும்.

ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசி, குளத்து நீரில் தத்தித் தத்திப் பாயச் செய்திருப்பீர்கள். சில்லின் முன்பக்கம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது நீரைக் கீழே தள்ளுகிறது; நீர் அதனை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். முன்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலோ 'களுக்' என்று உள்ளே போய்விடும். நீர்விமானத்தின் அடிப்பாகமும் இந்தச் சில்லின் வேலையைத்தான் செய்கிறது. அதனைப் படகின் அடிப்பாகம் போல வளைத்து, நடுவில் கூர்முதுகு வைத்துச் செய்கிறார்கள். கூர்மை முதலில் நீரைக் கிழிக்கிறது. பிறகுதான் பக்கங்கள் படிகின்றன. இதனால் மோதும் நேரம் சற்று நீள்கிறது, மோதும் விசை குறைகிறது. பந்து பிடிப்பவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது போலத்தான் இதுவும்.

அந்த அடிப்பாகத்தைக் கூர்ந்து பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். நடுவில், வீட்டு வாசற்படி போல ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். சீரான வளைவைக் கெடுத்து இப்படி ஒரு படியை ஏன் வைத்தார்கள்? இதனை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழாயைத் திறந்து நீரைச் சீராக விழச் செய்யுங்கள். ஒரு கரண்டியின் காம்பைத் தளர்வாகப் பிடித்து, அதன் புடைத்த முதுகை நீர்த்தாரையின் பக்கவாட்டில் மெல்லக் கொண்டு செல்லுங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நடப்பது நேர்மாறானது. தொட்ட உடனே கரண்டி தாரைக்குள் இழுக்கப்படும். வளைந்த பரப்பைப் பற்றிக்கொண்டு ஓடும் நீர், தானும் வளைகிறது. அந்தப் பரப்பையும் தன் பக்கம் இழுக்கிறது.

நீர்விமானத்தின் அடிவளைவையும் நீர் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். 1912இல் அமெரிக்கர் கிளென் கர்ட்டிஸ் தம் முதல் பறக்கும் படகைச் செய்தபோது அது நீரைவிட்டு எழ மறுத்தது. எஞ்சின் வலிமை போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். அடியில் ஒரு படி வைத்ததும் அது எழும்பிப் பறந்தது. படியின் விளிம்பில் நீர் திடீரென்று அறுந்து விலகுகிறது; பின்னால் காற்று புகுந்துகொள்கிறது; உறிஞ்சல் நின்றுவிடுகிறது. இத்தனை எளிய பொறியியல் தீர்வுகளை நான் அதிகம் கண்டதில்லை. இன்றைய நீர்விமானங்களிலும் இந்தப் படி அப்படியே இருக்கிறது.

இனி மீட் ஏரிக்குத் திரும்புவோம். விமானத்தின் ஈர்ப்பு மையம் இந்தப் படிக்குச் சற்று முன்னால் அமையும்படி கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். படியை ஒட்டி நீர் மேல்நோக்கித் தள்ளும்போது, அந்த விசை ஈர்ப்பு மையத்துக்கு மிக அருகில் செயல்படுவதால் விமானம் அதிகம் சாயாது. மிஞ்சியுள்ள சிறு சாய்வை வாலிலுள்ள தகடுகளால் விமானி சரிசெய்துகொள்வார். ஈர்ப்பு மையம் மேலும் முன்னே போய்விட்டால் என்ன ஆகும்? நீரின் தள்ளுவிசை அதற்கு நன்கு பின்னால் விழும். பின்பக்கம் தூக்கப்படும், மூக்கு தாழும். ஒரு பேச்சுக்கு, 9,000 கிலோகிராம் விமானத்தில் ஈர்ப்பு மையம் 10 சென்டிமீட்டர் நகர்ந்ததாக வைத்துக்கொள்வோம். எடை 88,200 நியூட்டன். அதை 0.1 மீட்டரால் பெருக்கினால் 8,820 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் கிடைக்கிறது. வாலிலுள்ள தகடுகள் இதைச் சமாளிக்க வேண்டும். ஆனால் வால் காற்றில் இருக்கிறது. வேகம் குறையக் குறைய அதன் வலிமையும் குறைகிறது. அதுவும் வேகத்தின் இருமடியில் குறைகிறது! வேகம் பாதியானால் வாலின் வலிமை காற்பங்காகிவிடும்.

மூக்கு ஒரு முறை நீரில் புதைந்துவிட்டால் இன்னொரு தொல்லை தொடங்குகிறது. அம்பின் இறகை ஏன் வாலில் கட்டுகிறார்கள்? இழுவிசை ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால், அம்பு சற்றுத் திரும்பினாலும் மீண்டும் நேராகிவிடும். இறகை முனையில் கட்டி எய்தால் அம்பு கரணம் போடும். மூக்கு புதைந்த விமானம், இறகை முன்னால் கட்டிய அம்புதான். 800 மடங்கு கனமான நீர் அதன் முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பின்னால் உள்ள நிறையெல்லாம் முன்னேறத் துடிக்கிறது. விமானம் பக்கவாட்டில் சுழன்று விடுகிறது. அதன் பிறகு இறக்கை, எஞ்சின், உடல் எதுவும் அந்த விசைகளைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல.

சிகோர்ஸ்கி விமானம் பெரியது. பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் ஓட்டுவது இருவர் முதல் நால்வர் வரை அமரும் சிறிய விமானங்களை. இவற்றில் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாக அஞ்சப்படும் ஒரு தவறு உண்டு. சக்கரங்களை உள்ளே மடக்காமல் நீரில் இறங்குவதுதான் அது.

நிலத்தில் இறங்கும் விமானத்தை ஓட்டப் பழகியவருக்கு முதல் நாளிலிருந்தே ஊட்டப்படும் பாடம் என்ன? இறங்குமுன் சக்கரங்களை இறக்கு! இது நூறு முறை, ஆயிரம் முறை பழகி, கை தானாகச் செய்யும் செயலாகிவிடுகிறது. அவரே நீர்விமானம் பழக வரும்போது, எந்தப் பழக்கம் அவரை இதுவரை காத்ததோ அதுவே பகையாகிறது. ஓடுதளத்திலிருந்து சக்கரத்தின் மேல் ஓடி எழும்புகிறார். ஏரி அருகிலேயே இருக்கிறது. சக்கரங்களை மடக்க மறந்துவிட்டார். அல்லது மடக்கியவர், இறங்கும் நேரத்தில் பழக்க தோஷத்தால் மீண்டும் இறக்கிவிட்டார். அருகில் ஆசிரியர் இருக்கிறாரே என்பீர்கள். மாணவர் பார்த்திருப்பார் என்று ஆசிரியரும், ஆசிரியர் பார்த்திருப்பார் என்று மாணவரும் இருந்துவிட்டால் நான்கு கண்கள் இருந்தும் பயனில்லை.

பறக்கும்போதே இந்தத் தவறு விமானிக்குத் தெரியாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொருள் பாய்மத்தினூடே செல்லும்போது அதனை எதிர்க்கும் விசையைத் தோராயமாக இப்படிக் காணலாம்: பாய்மத்தின் அடர்த்தியை எதிர்ப்படும் பரப்பால் பெருக்கி, அதை வேகத்தின் இருமடியால் பெருக்கி, வருவதில் பாதி. (பொருளின் வடிவத்தைப் பொறுத்து இன்னோர் எண்ணாலும் பெருக்க வேண்டும்; இங்கே அதனை 1 என்று கொள்வோம்.) சக்கரங்களும் அவற்றின் கால்களும் சேர்ந்து 0.15 சதுர மீட்டர் பரப்பு என்றும், வேகம் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம்.

காற்றில், ½ × 1.2 × 0.15 × 25 × 25. விடை ஏறத்தாழ 56 நியூட்டன். சுமார் 6 கிலோகிராம் எடைக்குச் சமம். 1,200 கிலோகிராம் விமானத்தில் இதனை யார் உணரப் போகிறார்கள்?

நீரில், ½ × 1,000 × 0.15 × 25 × 25. விடை 46,875 நியூட்டன்! விமானத்தின் எடையே 11,760 நியூட்டன்தான். எடையைப் போல் நான்கு மடங்கு விசை, பின்னோக்கி, அதுவும் விமானத்தின் அடியில் செயல்படுகிறது. ஈர்ப்பு மையம் சக்கரங்களுக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், மூக்கைக் கீழே அழுத்தும் திருப்புத்திறன் ஏறத்தாழ 47,000 நியூட்டன்-மீட்டர். விமானி பதறி, வால் தகடுகளைக் கொண்டு மூக்கை உயர்த்த முயல்கிறார். வாலின் பரப்பு 2 சதுர மீட்டர், ஈர்ப்பு மையத்திலிருந்து அதன் தூரம் 5 மீட்டர் என்றால், அவர் பெறக் கூடிய எதிர்த் திருப்புத்திறன் 3,750 நியூட்டன்-மீட்டர். பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. இது நான் எடுத்துக்கொண்ட எண்களில் வந்த கணக்கு. உண்மையான விமானங்களில் எண்கள் சற்று மாறும். ஆனால் வெற்றி யாருக்கு என்பது மாறாது. கட்டைவிரல் கல்லில் இடறியவன் முகம் குப்புற விழுவது போல, விமானம் மூக்கை நட்டு, முதுகு கீழாகக் கவிழ்ந்துவிடுகிறது. எல்லாம் ஓரிரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

இதற்கு நேர்மாறான தவறையும் பாருங்கள். சக்கரங்களை இறக்க மறந்து ஓடுதளத்தில் இறங்கினால், படகு போன்ற அடிப்பாகம் தரையில் உராய்ந்து தேய்ந்து நிற்கும். விமானிக்கு வெட்கமும் செலவும் மிஞ்சும். பெரும்பாலும் உயிர் தப்பும். ஆகவேதான் நீர்விமானப் பயிற்சியில், 'இது நீரில் இறங்குதல். சக்கரங்கள் மேலே இருக்கின்றன' என்று விமானி ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். மனத்துக்குள் சொன்னால் போதாது. வாய் சொல்லும்போது கண் விளக்கைப் பார்க்கும். சில விமானங்களில் சக்கரத்தை நேரில் காணும்படி சிறு கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். வேறு சிலவற்றில் ஒரு கருவி, சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று குரலில் அறிவிக்கும்.

சக்கரங்கள் மேலேயே இருக்கட்டும். எடையும் சரியாக இருக்கட்டும். காற்றே இல்லாத ஓர் அமைதியான காலைப்பொழுது. ஏரி நீர் அசையாமல் பளிங்கு போல் கிடக்கிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று தோன்றுகிறதல்லவா? விமானிகள் அப்படி நினைப்பதில்லை. சுவரையோ தரையையோ நாம் பார்க்க முடிவதற்குக் காரணம், அவற்றின் சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதுதான். அசையாத நீரோ சமதள ஆடி. அதில் வானமும் மேகமும்தான் தெரியும். நீரின் பரப்பு தெரியாது. தாம் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறாரா, 15 மீட்டர் உயரத்தில் இருக்கிறாரா என்று விமானியின் கண்ணால் சொல்ல இயலாது. உயரம் இருப்பதாக எண்ணி நீரில் மோதியவர்களும் உண்டு. நீரைத் தொட்டுவிட்டதாக எண்ணி, உயரத்திலேயே வேகத்தைக் குறைத்து விழுந்தவர்களும் உண்டு.

இதற்கு விமானிகள் கண்ட வழி, கண்ணை நம்பாமலிருப்பது. கரையை ஒட்டி வந்து, மரங்களையும் பாறைகளையும் கொண்டு உயரத்தை ஓரளவு கணித்துக்கொள்கிறார்கள். பிறகு மூக்கைச் சற்று உயர்த்தி, எஞ்சினுக்குச் சிறிது விசை கொடுத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி வைத்துக்கொண்டு, நீர் தானாக வந்து தொடும்வரை காத்திருக்கிறார்கள். சாதாரணமாக விமானம் நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கி வரும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 500க்குப் பதிலாக 150 என்றால், கீழ்நோக்கிய இயக்கத்தின் ஆற்றல் பதினோரு மடங்கு குறைகிறது. நீர் எப்போது வந்தாலும் அடி பலமாக விழாது. இந்த முறையில் இறங்க நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும், பொறுமையும் வேண்டும். இலேசான காற்று வீசி நீரில் சிற்றலைகள் எழுந்தால் விமானிக்கு மகிழ்ச்சிதான்.

விமானம் கவிழ்ந்தே விட்டது என்று கொள்வோம். உள்ளே இருப்பவர் மோதலில் பிழைத்திருக்கிறார். வார்ப்பட்டையில் தலைகீழாகத் தொங்குகிறார். மூக்கில் நீர் ஏறுகிறது. மேல் எது, கீழ் எது என்று புரியவில்லை. உங்களில் பலரும் முதலில் வார்ப்பட்டையை அவிழ்ப்பேன் என்பீர்கள். அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. நீரில் மூழ்கிய மனித உடலின் எடையை ஆர்க்கிமிடீசின் மேலுதைப்பு ஏறத்தாழச் சரிக்கட்டிவிடுகிறது. பட்டையை அவிழ்த்தவர் மிதக்கத் தொடங்குவார். கதவைத் தள்ளப் பிடிமானம் இருக்காது; இருளில் திசையும் தப்பிவிடும். எனவே பயிற்சியில் சொல்லித் தரும் வரிசையே வேறு. ஒரு கையால் கதவருகிலுள்ள ஏதாவதொன்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் கதவைத் திறக்க வேண்டும். பட்டையை அவிழ்ப்பது கடைசி. பிடித்த கையை விடாமல், அது இருக்கும் திசையில் வெளியேற வேண்டும்.

கதவு திறக்கவில்லையே என்று பீதி அடையவும் கூடாது. வெளியே அரை மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கிறது, உள்ளே இன்னும் காற்று என்றால், 1 மீட்டர் அகலக் கதவின்மீது நீர் அழுத்தும் விசை ½ × 1,000 × 9.8 × 0.5 × 0.5 × 1, அதாவது 1,225 நியூட்டன். 125 கிலோகிராம் எடையைத் தள்ளுவது போலாகும். நீர் உள்ளே ஏறி இரு பக்கமும் சமமானதும் அந்த விசை மறைந்து, கதவு இலேசாகத் திறக்கும். அதனால் இந்தச் சிறு விமானங்களில், நீரைத் தொடுமுன்பே கதவையோ கண்ணாடி மூடியையோ தாழ் நீக்கி வைக்கலாமா என்பதை விமானத்தின் கையேட்டைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வார்கள்.

மிதவைச் சட்டையில் காற்றை நிரப்புவதும் வெளியே வந்த பிறகுதான். உள்ளேயே நிரப்பிவிட்டால், மேலுதைப்பு அவரைக் கவிழ்ந்த விமானத்தின் தரையோடு சேர்த்து அழுத்திவிடும். கீழே முங்கி வாசலுக்கு வர முடியாது. இது வெறும் எச்சரிக்கை அன்று. 1996 நவம்பர் 23இல் கொமொரோ தீவுகளுக்கு அருகே, கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானமொன்று எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கிச் சிதைந்தது. உயிரிழந்த 125 பேரில் பலர், மோதலில் பிழைத்திருந்தும், முன்னதாகவே சட்டையில் காற்றை நிரப்பிக்கொண்டதால் உள்ளே சிக்கி இறந்தார்கள்.

மீட் ஏரியில் மூழ்கிய சிகோர்ஸ்கியை ஹியூஸ் பெரும் பணம் செலவிட்டு, முக்குளிப்பவர்களைக் கொண்டு மேலே எடுத்துப் பழுது பார்த்தார். அவர் அப்போது கட்டிவந்த ஹெர்குலிஸ் என்ற மாபெரும் பறக்கும் படகு 1947 நவம்பர் 2இல் லாங் பீச் துறைமுகத்தில் ஒரே ஒரு முறை நீரைவிட்டு எழும்பி, ஏறத்தாழ ஒரு மைல் பறந்து, மீண்டும் நீரில் இறங்கியது. எட்டு எஞ்சின்கள் கொண்ட அந்த விமானத்துக்குச் சக்கரங்களே கிடையாது. அதன் அடியிலும் கர்ட்டிஸ் வைத்தது போன்ற ஒரு படி இருந்தது.